விளையாட்டுக்கு முகம் பார்த்தவர்

செங்கம் ரோட்டில் என் லாட்ஜைத் தெரியாத ஆட்டோக்காரர் கிடையாது. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன், பஸ் ஸ்டாண்டில் டீ கேன் பிடித்து, வேன் ஓட்டி, கடைசியில் மூன்று மாடி எழுப்பியிருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் "வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும்" என்பதை ஆறு பாஷையில் சொல்வேன். வாசலில் ஆள் இறங்கும்போதே, இது சத்தமில்லாமல் தங்கிப் போகும் ஆளா, தலையணை உறையைப் பற்றிப் புகார் செய்யும் ஆளா என்று சொல்லிவிடுவேன். இந்த வித்தையில் என்னை மிஞ்சிய ஒரே ஆளைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் அவருக்கு மேல்மாடியம்மா என்றுதான் பெயர்.

அறை பார்க்க வந்த அன்றே அவர் அறையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றேன், தலையாட்டினார். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது என்றேன், அதற்கும் தலையாட்டினார். தண்ணீருக்குக் கஷ்டமே இல்லை என்று சொன்னதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"கோடையில லாரித் தண்ணிங்களாண்ணா?"

"யாரும்மா சொன்னது?"

"நீங்கதாண்ணா. இப்பத்தான் சொன்னீங்க."

அந்த நிமிஷமே சாவியைக் கொடுத்துவிட்டேன். என் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர் என் மாடியில் இருப்பதுதான் நல்லது, வெளியில் இருந்தால் ஆபத்து.

அவருக்கு நாற்பதைத் தொடும் வயது. பூர்வீகம் எங்கள் பக்கத்துக் கிராமம்தான், நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். சென்னையில் பெரிய ஆபீஸில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்திருந்தார். மாடியில் இரண்டு பெரிய டிவி மாதிரிப் பெட்டி, கை நிறைய ஒயர், விளையாடுவதற்கு ஒரு கைப்பிடி. பகல் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. முதல் வாரம் என் சம்சாரம் பயந்தே போனாள்.

"பொம்பள தனியா இருந்துக்கிட்டு யாரப் போட்டுச் சுடுது? போய்க் கேளுங்க."

போய்க் கேட்டேன். வீடியோ கேம் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அவர் வேலை பார்க்கிறாராம். ஒரே விளையாட்டு எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி போகாதாம். ஒரு நாட்டில் எலும்புக்கூட்டைக் காட்டினால் வாங்க மாட்டார்கள், அதற்குச் சதை பூசி அனுப்புவார்கள். ஜப்பானுக்குப் போனால் வெட்டின கை தனியாக விழுவதை மறைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் போதை ஊசி போட்டுக்கொண்டு பலம் ஏறுகிற மாதிரி இருந்தால் கடைக்கே வராது, ஊசிக்கு வேறு பெயர் வைத்தால் வந்துவிடும். நம் ஊருக்கு வருகிற விளையாட்டில் மாட்டை அடிக்கக் கூடாது. எது எந்த ஊருக்கு ஆகும், எது ஆகாது, ஆகாததை என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு.

"இது என் சமையக்கட்டு விஷயம்மா," என்றேன். "பிரான்ஸ்காரனுக்குக் காரம் கம்மி, ஆந்திராக்காரனுக்கு ஜாஸ்தி, வடநாட்டு யாத்திரைக்காரங்களுக்கு வெங்காயம் பூண்டு கெடையாது. சாம்பார் ஒண்ணுதான்."

"கரெக்ட்டுண்ணா. ஆனா எங்க ஆளுங்க காரம் ஒத்துக்காதுன்னு பருப்பையே எடுத்துடுறாங்க. எதுக்கெடுத்தாலும் வெட்டு, வெட்டு. வெட்டுறதுக்கு நான் எதுக்கு? கத்திரி போதும்."

அவர் வாயிலிருந்து வெட்டு என்ற வார்த்தை எரிச்சலாகத்தான் வரும். மாற்று என்பார், தள்ளி வை என்பார், முன்னாடியே சொல்லி எச்சரித்துவிடு என்பார். வெட்டு என்று மட்டும் கம்பெனிக்கு எழுதமாட்டார்.

அவர் வேலை செய்கிற விதம் தனி. திரைக்கு எதிரே உட்காரமாட்டார், பக்கவாட்டில் உட்காருவார். வேறு யாரையாவது பிடித்துத் திரைக்கு எதிரே உட்காரவைத்து, கைப்பிடியைக் கொடுத்து விளையாடச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மடியில் ஒரு கிண்ணம் வறுத்த கடலை இருக்கும். எதிராளியின் முகத்தில் ஏதாவது ஓடினால் கடலை வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றுவிடும். எங்கள் ஊரை அவர் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

"பெங்களூர்ல ஒரு ஜெர்மன்காரரப் புடிக்கணும்னா பத்து பேருக்கு போன் போடணும். இங்க பாருங்க, உங்க வாசல்ல செருப்பு கழட்டிட்டு நிக்கிறாரு."

அந்த ஜெர்மன்காரர் வருஷா வருஷம் என் லாட்ஜுக்கு வருகிறவர். ரிட்டையரான வாத்தியார், ஆசிரமத்துக்குப் போய்வந்து டீ குடித்துவிட்டுத் தூங்குகிற சாது. அவரை ஒரு நாள் மாடிக்குக் கூப்பிட்டு ஒரு யுத்த விளையாட்டைக் காட்டினார். நானும் போய் நின்றேன். ரத்தம் சுவரெல்லாம் தெறிக்கிறது, மனுஷன் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆடுகிறார். ஒரு தெரு முனை திரும்பியதும் அவர் நாட்டுப் பழைய சர்வாதிகாரியின் கொடி ஒன்று பறந்தது. அவர் எடுக்கப்போன டீ கிளாஸ் மேஜையிலேயே நின்றுவிட்டது. மேல்மாடியம்மாவின் கடலையும் நின்றது. உடனே ஆட்டத்தை நிறுத்தி, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு டீ வரவழைத்தார்.

அவர் போன பிறகு கேட்டேன். "ரத்தத்துக்கு ஒண்ணும் ஆவல, துணிக்கு ஆவுதே?"

"ஒரு காலத்துல அவங்க ஊருக்கு ரத்தத்தப் பச்சையா மாத்தி அனுப்புவாங்கண்ணா."

"பச்சை ரத்தமா? பச்சோந்திக்கே செகப்புதாம்மா!"

சிரித்துவிட்டுச் சொன்னார். "அந்தக் கொடிய முன்னாடி காட்டவே கூடாது. இப்ப கதைக்குத் தேவைன்னா காட்டலாம்னு தளர்த்திட்டாங்க. சட்டம் மாறிடுச்சி, பாத்தீங்கல்ல, அவரு கை மாறல."

கொடியை எடுக்கச் சொல்லி அவர் எழுதவில்லை. திடீரென்று முனையில் வரக்கூடாது, தூரத்திலிருந்தே தெரியவேண்டும், ஆடுகிறவன் மனசைத் தயார் செய்துகொண்டு கிட்டே போகவேண்டும் என்று எழுதினார். கம்பெனியும் அப்படியே செய்தது.

இப்படி ஒருவர் வீட்டில் இருப்பது எல்லோருக்கும் சுகமில்லை. "சாப்புடும்போது என் வாயப் பாக்காதம்மா, பொரயேறுது" என்று என் சம்சாரம் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். எதிர்வரிசையில் பூக்கட்டுகிற அம்மாள், புருஷன் செத்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கடை போட்டாள். எல்லோரும் பூவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நகர்ந்தோம். இவர் மட்டும் எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து அவள், "அந்தம்மா கண்ணு பட்டா மொட்டு விரியாது" என்று ஊரெல்லாம் சொன்னாள். தெருவில் பிள்ளைத்தாய்ச்சிகள் இவரைக் கண்டால் முந்தானையால் வயிற்றை மூடுவார்கள். இவருக்கு அது தெரியும். ஆனாலும் பார்வையைத் திருப்பத் தெரியாது. எனக்கே சில நாள், இந்த அம்மா நம்மைத் துக்கத்திலும் இப்படித்தான் பார்க்குமோ என்று மனசு கூசும். அதே பூக்கார அம்மாளிடம்தான் தினமும் பூ வாங்குவார், வாங்கும்போதும் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மலை விளையாட்டுக்குள் வந்தது.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புது விளையாட்டு செய்திருந்தது. தபால் கொண்டுபோகிற ஒரு பெண் ஊர் ஊராக ஓடவேண்டும். ஒவ்வொரு ஊரும் ஒரு கட்டம். அதில் ஒரு கட்டம் தெற்கே ஒரு மலை ஊர். பெயர் வைக்கவில்லை என்றாலும் பார்த்ததும் தெரிந்துவிடும், எங்கள் ஊர்தான். மலையைச் சுற்றி ரோடு, ரோடு நிறைய ஜனம், அவர்களோடு அந்தப் பெண்ணும் ஓடவேண்டும். இதைத் தமிழில் பேசவைத்து வெளியிடலாம் என்று கம்பெனிக்குச் சொல்லிச் சொல்லிச் சம்மதிக்கவைத்தது மேல்மாடியம்மாதான். அந்தக் கம்பெனி தமிழைத் தொடுவது அதுவே முதல் தடவை. சென்னை வேலையை அவர் விட்டதும் இதற்காகத்தான்.

கம்பெனிக்காரர்களுக்கு உள்ளுக்குள் பயம். சாமி விஷயம், இந்தியாவில் வம்பாகிவிடுமோ என்று. வம்பில்லை என்று இவர் உறுதி சொன்னால் தமிழ் வரும். இல்லையென்றால் இந்தியாவுக்கு அந்த மலைக் கட்டத்தையே எடுத்துவிட்டு, இங்கிலீஷில் மட்டும் விற்பார்கள். தமிழ் கிடையாது.

"அப்புறம் நான் பழையபடி சென்னைக்குப் போயி, மத்தவங்க எழுதுனதுக்குப் புள்ளி கமா வெச்சிக்கிட்டு ஒக்காரணும்ணா," என்றார்.

குரல் கொடுக்க எங்கள் தெருவிலேயே ஆள் பிடித்தார். விளையாட்டில் கடைவீதியில் விபூதி கொடுக்கிற பூக்காரிக்கு என் சம்சாரம். லாட்ஜ் முதலாளிக்கு வேறு யார், நான்தான். "ரூம் காலி இல்ல, அடுத்த தெருவுல பாரு!" இதுதான் என் வசனம். ஒரே தடவையில் சொல்லி முடித்தேன். என் சம்சாரத்துக்கு ஒரு காலைப் பொழுது முழுக்கப் பிடித்தது. உலகமெல்லாம் என் குரல் கேட்கப்போகிறது என்று செங்கம் ரோடு முழுக்கச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் என்னைக் கண்டால், "ரூம் காலி இருக்குதா ஹீரோ சார்?" என்று கேட்காத ஆளில்லை.

ஒரு நாள் மத்தியானம் மலைக் கட்டத்தைக் காட்ட எங்களை உட்காரவைத்தார். நான், சம்சாரம், ஆட்டோக்காரர் ஒருவர். மலை திரையில் எழும்பியதும் என் சம்சாரம் தன்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். மேல்மாடியம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தப் பெண் ஓடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டோக்காரர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். சம்சாரம் கால் விரலை மடக்கினாள். கடலை நின்றது.

"இன்னாண்ணா?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டார்.

"இன்னான்னு சொல்லத் தெரியலமா. ஒன்வேயில ராங்குல ஏறுன மாதிரி கீது."

அதுதான் விஷயம். மலை எங்களுக்கு இடப்பக்கம் இருந்தது. ஓடுகிற பெண், கூட நடக்கிற ஜனம், அத்தனை பேரும் மலையை இடமாகச் சுற்றுகிறார்கள். "மலை உன் இடக்கைப் பக்கம் இருக்கட்டும், வழி தவறாது" என்று விளையாட்டிலேயே ஒரு கிழவர் புத்தி வேறு சொல்கிறார். சாவு வீட்டில்தான் நாங்கள் இடமாகச் சுற்றுவோம். தமிழ் வசனத்தை எழுதிய இவருக்கே அது படவில்லை. தனித் தனி வரியாக எழுதினாராம், படம் அப்போது தயாராகவில்லை. தலையில் அடித்துக்கொண்டார்.

கம்பெனிக்கு எழுதினார். வெட்டவேண்டாம், திருப்பினால் போதும். பத்து நாளில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் உட்கார்ந்தோம். மலை வலப்பக்கம் வந்துவிட்டது, நான் கைதட்டிவிட்டேன். அப்போது என் சம்சாரம் கத்தினாள்.

"அய்ய! என் கொரல்ல பேசிக்கிட்டு எவளோ எடது கையால விபூதி குடுக்கிறாளே!"

உற்றுப் பார்த்தால் ஹோட்டலில் எல்லோரும் இடது கையால் சாப்பிடுகிறார்கள். லாட்ஜ் முதலாளி, அதாவது நான், இடது கையால் சாவி நீட்டுகிறேன். அந்தப் புண்ணியவான்கள் ஊரையே கண்ணாடியில் காட்டின மாதிரி அப்படியே புரட்டிப் போட்டிருந்தார்கள். கடைப் போர்டு எழுத்து இடவலம் மாறித் தெரியுமே, அதை மட்டும் அக்கறையாகச் சரி செய்திருந்தார்கள். கை அவர்கள் கண்ணில் படவில்லை.

திரும்ப எழுதினார். பதில் கறாராக வந்தது. ஒரு நாட்டுக்காக ஒவ்வொரு கையாகத் திருத்த நேரமில்லை, வெளியிடும் தேதி குறித்தாகிவிட்டது. இதை இப்படியே விடலாம், அல்லது இந்தியாவுக்கு இந்தக் கட்டத்தை வெட்டலாம். நாளைக்குள் சொல்லவும்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் தைரியம் சொன்னேன்.

"வுடும்மா. எந்த ஊர்ல எடது கைக்காரன் இல்ல? ஓடுற ஓட்டத்துல எவன் கையப் பாக்கப் போறான்? தமிழ் வருது, உன் வேலயும் நெலைக்குது. ஓகேன்னு போடு."

என்னையே பார்த்தார். "இத என்கிட்ட சொல்றீங்களே, எதிர பூக்கட்டுற அம்மாகிட்ட காட்டி, 'இதுதாம்மா நம்ம ஊரு'ன்னு சொல்லுவீங்களாண்ணா?"

நான் எதிர்வரிசைப் பூக்கடையைப் பார்த்துவிட்டு, படியில் கிடந்த செருப்பை நேராக வைத்தேன்.

"சரிண்ணா," என்று எழுந்து போனார். அன்று சாயங்காலம் கம்பெனிக்கு அந்த வார்த்தையை எழுதினார். வெட்டிவிடுங்கள்.

விளையாட்டு வெளிவந்தது. மற்ற நாடுகளில் மலைக் கட்டத்தோடு, பழையபடி இடமாகச் சுற்றிக்கொண்டு. நம் நாட்டில் மலை இல்லாமல், தமிழ் இல்லாமல். மற்ற நாட்டு விஷயத்தில் அவர் ஆட்சேபம் சொல்லவில்லை. என் லாட்ஜில் தங்கிய ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பார்த்துவிட்டார், ஒருவர் முகமும் அசையவில்லை. "அவங்களுக்கு வலது எடது ரெண்டும் ரோடுதாண்ணா" என்றார். டீக்கடையில் கேட்டவர்களுக்கு நான், "என் குரலோட கனத்த அவன் மிஷின் தாங்கலப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். மேல்மாடியில் துப்பாக்கிச் சத்தம் குறைந்தது. சென்னையில் வேலைக்குச் சொல்லிவைத்திருப்பதாக ஒரு நாள் என் சம்சாரத்திடம் சொன்னாராம். இவள் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஒரு பௌர்ணமி. எங்கள் ஊர்ப் பௌர்ணமியைச் சொல்லவேண்டியதில்லை. மத்தியானமே திதி பிறந்துவிட்டதால் நாலு மணிக்கே செங்கம் ரோடு தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. முந்தின நாள் வந்து இறங்கிய ஜப்பான் பெண் ஒருத்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு எங்களை வணங்கிவிட்டு மலை சுற்றக் கிளம்பினாள். கேட்டைத் தாண்டினாள். ஊரே மேற்கே போகிறது, இவள் கிழக்கே திரும்பி நடக்கிறாள். கோயிலுக்குப் போய்த் தொடங்குவாள் போல என்று நினைத்தேன். பார்த்தால் மலையை ஒரு பார்வை, தன் இடது கையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, சுற்றுகிற நினைப்பிலேயே போகிறாள். எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து குனிந்து வணக்கம் வேறு. எதிரே வருவதோ லட்சம் பேர்.

"ஏ பொண்ணு!" ஒரு கிழவி கோலை ஊன்றி நின்றுவிட்டாள். "மலயச் சுத்த வந்தியா, எங்களச் சுத்த வந்தியா?"

அந்தப் பெண் கிழவிக்கும் குனிந்தாள். பின்னால் வந்த கூட்டம் தள்ள, கிழவி தடுமாற, இவள் அவளைத் தாங்கிப் பிடிக்க, இரண்டு பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். என் வயசுக்கு அந்தக் கூட்டத்தை நீந்துவதற்கு வேறு ஆள் கிடையாது. கிழவிக்கு அடியில்லை. அந்தப் பெண்ணுக்கு முட்டி சிராய்த்திருந்தது.

லாட்ஜுக்குக் கூட்டிவந்தேன். மேல்மாடியம்மா இறங்கி வந்து மஞ்சள் வைத்துக்கொண்டே, ஏன் எதிராகப் போனாய் என்று இங்கிலீஷில் கேட்டார். அவள் பையிலிருந்து கையடக்கமான விளையாட்டுப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். எங்கள் மலை. இந்தக் கட்டத்தை அத்தனை தடவை ஆடியிருக்கிறாளாம், நிஜமாகவே பார்க்கவேண்டும் என்றுதான் இந்த ஊருக்கே வந்தாளாம். "மலை இடக்கைப் பக்கம்" என்று பெட்டிக்குள் கிழவர் சொன்னதை அப்படியே சொன்னாள். எதிரே வந்தவர்கள் சுற்றி முடித்துத் திரும்புகிறவர்கள் என்று நினைத்தாளாம்.

அது தவறு, இங்கே வலமாகத்தான் சுற்றுவார்கள் என்று சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் விழுந்ததே, அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. மேல்மாடியம்மாவால் பார்க்கவே முடியவில்லை. மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஒரு முகத்தைப் பார்க்காமல் திரும்பியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அங்க ஆடுறவங்க அங்கயே இருந்துடுவாங்கன்னு நெனச்சிட்டேண்ணா," என்றார். "நடந்து இங்க வருவாங்கன்னு தோணல."

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, சிராய்த்த முட்டியைப் படம் எடுத்து, கம்பெனிக்கு எழுதினாள். உங்களை நம்பிப் போனேன், ஒரு பாட்டியைக் கீழே தள்ளிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது, என்று. பிறகு மேல்மாடியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு சேர்ந்து மேற்கே நடந்தார். என் சம்சாரமும் பின்னாலேயே ஓடினாள், கால்வலி என்று மூன்று மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்.

மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. எல்லா நாட்டுக்கும் சேர்த்து மலைக் கட்டத்தை முதலிலிருந்து செய்துவிட்டார்களாம். எல்லா நாட்டுக்கும் என்றால் நேரம் கிடைக்கிறது பாருங்கள். மலை வலப்பக்கம், விபூதி வலது கை. இந்தியாவில் வெட்டியதும் திரும்ப வருகிறது, தமிழும் வருகிறது. எங்களை மாடிக்குக் கூப்பிட்டு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். கடைசி வரியில் நன்றி சொல்லியிருந்தார்கள். தவறைச் சுட்டிக்காட்டிய ஜப்பான் வாடிக்கையாளருக்கு.

என் சம்சாரத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா இது அநியாயம்! நீ தொண்டத் தண்ணி வத்தக் கத்துன, அது அவன் காதுல ஏறல. எங்கிருந்தோ வந்த பொண்ணு முட்டி சிராச்சதும் ஏறிடுச்சா? நன்றிய உனக்கில்ல சொல்லணும்! போன் போட்டு ரெண்டு கேளு."

மேல்மாடியம்மா கைப்பிடியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"யாருக்குச் சொன்னா இன்னா அண்ணி. மலை வலப்பக்கம் வந்துடுச்சில்ல. ஒக்காருங்க, ஓடுங்க."